நடுங்கும் கையும் நிலைத்த எழுத்தும்: நடுக்குவாதம் அறியப்பட்ட வரலாறு

நாடுகளுக்கு வரலாறு உண்டு. நூல்களுக்கு வரலாறு உண்டு. நோய்களுக்கும் அவ்வாறே ஒரு வரலாறு உண்டு. ஒரு நோய் மனித உடலில் தோன்றிய காலம் வேறு. அது தனியொரு நோயென்று மனிதரால் அறியப்பட்ட காலம் வேறு. இவ்விரண்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்திருக்கக்கூடும். அந்த இடைவெளியில் அந்நோய் முதுமை என்றும், வாதம் என்றும், ஊழ்வினை என்றும் வெவ்வேறு பெயர்களுக்குள் மறைந்து கிடக்கும். அறிகுறிகள் எல்லாம் கண்முன் இருந்தும், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் கண் வாய்க்கும்வரை அது அறியப்படாத நோயே.

நரம்பு மண்டல நோய்களுக்கும், நாளமில்லாச் சுரப்பிகளின் நோய்களுக்கும் இக்கூற்று மிகவும் பொருந்தும். இவற்றுட் பலவற்றில் வெளியே புண் இல்லை, கட்டி இல்லை, காய்ச்சலும் இல்லை. நடை மாறுகிறது, முகம் மாறுகிறது, தோலின் நிறம் மாறுகிறது, அவ்வளவே. ஆகவே இவற்றை முதலில் கண்டறிந்தோர் கருவிகளை நம்பியவர் அல்லர், கண்களை நம்பியவர்கள். டப்ளின் நகர மருத்துவர் இராபர்ட் கிரேவ்ஸ் கழுத்து வீக்கத்தையும் நெஞ்சின் படபடப்பையும் பிதுங்கிய விழிகளையும் 1835ஆம் ஆண்டில் ஒன்றாக இணைத்துக் கண்டார். இலண்டனில் தாமஸ் அடிசன் சிறுநீரகத்தின்மேல் அமைந்த சுரப்பிகளின் கேட்டால் மேனி கருத்து உடல் மெலிவதை 1855இல் விவரித்தார். சுரப்பிகள் குருதியில் கலக்கும் பொருள்களைக் குறிக்க ‘ஹார்மோன்’ என்னும் சொல் பிறந்ததோ 1905ஆம் ஆண்டில்தான். காரணம் புரிவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே விவரிப்பு வந்துவிட்டது.

இவ்வகை விவரிப்புகளுள் தலைசிறந்த ஒன்றின் வரலாற்றை நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குரிய பொருளாகத் தேர்ந்துகொண்டேன். மருத்துவம் தொடர்பான பொருள் இலக்கிய மலருக்கு ஏற்றதா என்னும் வினா எழலாம். இது ஒரு நோயின் வரலாறு மட்டுமன்று. அறுபத்தாறு பக்கமே கொண்ட ஒரு சிறு நூலின் வரலாறுமாகும். எழுதியவர் கொண்டிருந்த கருத்துகளுட் பல பொய்த்துப்போயின. அவர் கண்டு எழுதியவை மட்டும் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிற்கின்றன. இது ஏன் என்று எண்ணிப் பார்ப்பது எழுதுவோர்க்குப் பயன்தரும் என்பது என் துணிபு.

ஹாக்ஸ்டன் நகர்ப்புற மருத்துவர்

இலண்டன் மாநகரின் விளிம்பில் அமைந்த ஹாக்ஸ்டன் என்னும் பகுதியில் 1755ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்தார். தந்தையாரும் மருத்துவரே. தந்தையிடம் தொழில் கற்று, அதே வீட்டில் அதே மக்களுக்கு மருத்துவம் பார்த்து, அப்பகுதியிலேயே வாழ்ந்து 1824ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். வாழ்க்கை முழுவதும் ஒரே ஊர்ப்புறத்தில் கழிந்தது எனினும், அவருடைய ஆர்வங்கள் அங்கே அடங்கவில்லை.

பிரெஞ்சுப் புரட்சி நிகழ்ந்த காலம் அது. எளிய மக்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று கேட்ட இலண்டன் கடிதத் தொடர்புக் கழகத்தில் பார்க்கின்சன் உறுப்பினரானார். ‘பழைய ஹூபர்ட்’ என்னும் புனைபெயரில் துண்டு நூல்கள் எழுதினார். ஏழைகளின் வரிச்சுமையும், அவர்தம் குரல் கேட்கப்படாமையும் அவருடைய பொருள்கள். 1794ஆம் ஆண்டில், நாடக அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நச்சு அம்பு எய்து கொல்லத் திட்டமிட்டதாகக் கழக நண்பர்கள் சிலர்மீது குற்றம் சாட்டப்பட்டது. பார்க்கின்சன் அரசரின் ஆலோசனைக் குழுவின் முன் நின்று சாட்சியம் அளித்தார். தாம் எழுதிய துண்டு நூலைத் தாமே எழுதியதாக அங்கே ஒப்புக்கொண்டார். அவர்மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

பிற்காலத்தில் அவருடைய நாட்டம் மண்ணுக்கடியில் கிடந்த பழைய உயிர்களின்பால் திரும்பியது. கல்லாய்ச் சமைந்த உயிரெச்சங்களைத் தேடித் தொகுத்து, அவற்றைப் பற்றி 1804 முதல் 1811 வரை மூன்று பெருந்தொகுதிகளை வெளியிட்டார். 1807ஆம் ஆண்டில் இலண்டன் நிலவியல் கழகத்தைத் தொடங்கியோருள் அவரும் ஒருவர். அம்மோனைட்டு இனத்தைச் சேர்ந்த ஒரு கல்லெச்சம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. வாழும் காலத்தில் அவர் பெற்ற புகழ் பெரும்பாலும் இத்துறையில் வந்ததே.

இம்மூன்று முகங்களையும் இங்கே கூறுவதற்குக் காரணம் உண்டு. ஏழை மக்களின் பக்கம் நின்றவர் என்பதால் தெருவில் போவோரையும் அவர் கவனித்தார். கல்லில் பதிந்த சிறு கோட்டையும் கூர்ந்து நோக்கிப் பழகியவர் என்பதால் நடையில் தெரிந்த சிறு பிறழ்ச்சியையும் விடவில்லை.

ஆறு மனிதர்கள்

1817ஆம் ஆண்டில், தம் 62ஆம் வயதில், ‘நடுக்குவாதம் பற்றிய ஒரு கட்டுரை’ என்று பொருள்படும் தலைப்பில் பார்க்கின்சன் அச்சிறு நூலை வெளியிட்டார். நூல் முழுவதும் ஆறே மனிதர்களை அடிப்படையாகக் கொண்டது. அந்த அறுவரிலும் எல்லாரும் அவரிடம் மருத்துவம் பெற்றவர் அல்லர். இருவரைத் தெருவில் தற்செயலாகக் கண்டு பேசினார். ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி.

முதல்வர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு தோட்டக்காரர். மிதமாக உண்டு ஒழுக்கமாக வாழ்ந்தவர். தெருவில் கண்டவர்களுள் ஒருவர் முன்னாள் மாலுமி. அறுபத்தைந்து வயது, வலிய உடற்கட்டு. ஆயினும் உடல் வளைந்து, நடுங்கி, நடக்க இயலாமல் ஓட மட்டுமே முடிந்தது. ஸ்பெயின் நாட்டுச் சிறையொன்றில் பல திங்கள் ஈரத் தரையில் கிடந்ததால் வந்த கேடு என்று அவர் நம்பினார். தொலைவில் கண்டவரைப் பற்றிய சித்திரம் மறக்கவொண்ணாதது. ஏவலாள் ஒருவர் முன்னால் நின்று அவருடைய இரு தோள்களையும் பற்றியிருப்பார். அவர் முன்னும் பின்னும் மெல்ல அசைந்து நிலைகொண்டு ஒரு சொல் கூறியதும், ஏவலாள் விலகிக்கொள்வார். உடனே அவர் ஓடத் தொடங்குவார். ஏறக்குறைய இருபது காலடி ஓடியதும் விழாமல் தாங்கிக்கொள்ள அந்த ஏவலாளும் உடன் ஓடவேண்டும். ஒரே பார்வையில் கண்டதை இவ்வளவு துல்லியமாகப் பதிவுசெய்த கண்ணை என்னென்பது!

மற்றொருவர் எழுபத்திரண்டு வயது முதியவர். நெடுங்காலமாகக் கைகால் நடுங்கிக்கொண்டிருந்த அவருக்கு ஒருநாள் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. செயலிழந்த பக்கத்தில் நடுக்கம் நின்றுபோயிற்று. நாளடைவில் அப்பக்கம் வலிமை பெறப் பெற, நடுக்கமும் திரும்பி வந்தது. இதற்குப் பொருள் என்ன என்று பார்க்கின்சனுக்குத் தெரியாது. எனினும் எழுதிவைத்தார். நடுக்கம் பிறப்பதற்கு மூளையிலிருந்து தசைக்குச் செல்லும் வழி சிதையாமல் இருத்தல் வேண்டும் என்பதை அக்குறிப்பில் இன்று நாம் படித்துக்கொள்கிறோம்.

இந்த அறுவரையும் அடுத்தடுத்து நிறுத்தி, ஒரே நோயின் வெவ்வேறு கட்டங்கள் இவை என்று அவர் கண்டதே பெருஞ்செயல். தொடக்கம் எப்போது என்று நோயாளிக்கே தெரியாது. ஒரு கையில் சிறு தளர்ச்சி. பிறகு ஓய்ந்திருக்கும் கையில் நடுக்கம். ஓராண்டோ அதற்கு மேலோ கழித்து அடுத்த கைக்கோ காலுக்கோ பரவுகிறது. எழுதும்போது கை உள்ளத்தின் ஏவலைக் கேட்பதில்லை. உணவு வாய்க்குப் போய்ச் சேர்வதில்லை. உடல் முன்னோக்கிக் குனிகிறது, நடை ஓட்டமாகிறது. உறக்கம் கெடுகிறது; பேச்சுத் தெளிவிழக்கிறது; வாயில் உமிழ்நீர் வழிகிறது. ஆனால் அறிவும் புலன்களும் கெடுவதில்லை என்று அவர் வரையறுத்தார். கையை அசைக்கும்போது வரும் நடுக்கத்திலிருந்தும், கள்ளுண்டோர்க்கும் முதியோர்க்கும் வரும் நடுக்கத்திலிருந்தும் இதனைப் பிரித்துக் காட்டினார். பண்டைக் கிரேக்க மருத்துவர் காலன் முதலாகத் தமக்கு முன்னோர் துண்டு துண்டாகக் கூறியவற்றையும் எடுத்தாண்டார்.

பிழைத்ததும் நிலைத்ததும்

இனி அவர் பிழைபட்ட இடங்களையும் நோக்குதல் வேண்டும். நோயின் இருப்பிடம் கழுத்தின் உட்புறமுள்ள தண்டுவடத்தின் மேற்பகுதி என்று அவர் கருதினார். உடலை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கழுத்தின் மேற்பகுதியில் குருதி வடிப்பதும், கொப்புளம் எழுப்பிச் சீழ் வடியச் செய்வதும் மருத்துவம் என்று பரிந்துரைத்தார். இருப்பிடம் தவறு, மருத்துவமும் தவறு. தசைகள் இறுகிப்போவதையும் அவர் தனியாகக் குறிக்கவில்லை. அறிவு கெடுவதே இல்லை என்ற கூற்றும் முழு உண்மையன்று. நோய் முற்றிய பலரிடம் நினைவும் சிந்தனையும் தளர்வதைப் பின்னோர் கண்டனர்.

ஆனால் அவர் ஒன்று செய்தார். கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்து எழுதினார். தம் ஊகங்களுக்குச் சான்று போதாது என்பதை முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். உடற்கூற்றாய்வில் வல்லார் இந்நோயின்பால் கவனம் செலுத்தினால் தமக்கு அதுவே போதும் என்றும் குறித்தார். அவ்வாறு பிரித்து வைத்ததனால்தான், ஊகங்கள் உதிர்ந்தபோது காட்சிகள் உதிராமல் நின்றன.

நூல் வெளிவந்தபோது மதிப்புரைகள் வந்தன எனினும் பெரும் பரபரப்பு எழவில்லை. அரை நூற்றாண்டு கழித்துப் பாரிஸ் மாநகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. அங்கே ஆயிரக்கணக்கான முதிய பெண்கள் தங்கியிருந்தனர். அவர்களை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் வாய்ப்புப் பெற்ற ழான் மார்ட்டின் ஷார்க்கோ, இந்நோயின் நடுக்கத்தையும் நரம்புத் தடிப்பு நோயின் நடுக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். தசை இறுக்கம், அசைவின் மந்தம் ஆகியவற்றைத் தனி அறிகுறிகளாக நிறுவினார். நோயாளிகளின் கையெழுத்துகளைத் திரட்டி ஆராய்ந்தார். எல்லா நோயாளிகளும் நடுங்குவதில்லை ஆதலின் நடுக்குவாதம் என்னும் பெயர் பொருந்தாது என்று கூறி, ‘பார்க்கின்சன் நோய்’ என்னும் பெயரை முன்மொழிந்தார். வண்டியிலோ இரயிலிலோ நெடுந்தொலைவு குலுங்கி வந்த நோயாளிகள் சற்று நலமாக உணர்வதைக் கேட்டறிந்து, குலுங்கும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார் என்பதும் ஒரு சுவையான செய்தி.

இவ்வாறு ஓர் ஆங்கிலேயரின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் உலகறியச் செய்தார். 1912ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோனார்டு ரவுன்ட்ரீ, பார்க்கின்சனின் வாழ்க்கையைத் தேடி எழுதியபோது, பிறந்த மண்ணே அவரை மறந்துவிட்டதை எண்ணி வருந்தினார்.

கருமை மங்கிய இடம்

நோய் எங்கே இருக்கிறது என்னும் வினாவுக்கு விடை மெல்ல மெல்ல வந்தது. நடுமூளையில், இருபுறமும் கருநிறமாய்த் தோன்றும் ஒரு சிறு பகுதி உண்டு. இலத்தீன் மொழியில் ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ என்பர்; கரும்பொருள் என்று நாம் கூறலாம். 1893ஆம் ஆண்டில் பாரிஸில் ப்ளோக், மரினெஸ்கு என்னும் இருவர், உடலின் ஒருபுறம் மட்டும் நடுங்கிய நோயாளி ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்தனர். எதிர்ப்புறத்துக் கரும்பொருளைக் காசநோய்க் கட்டி ஒன்று அழித்திருந்தது. அதுவே நோயின் இருப்பிடமாகலாம் என்று பிரிசோ என்பார் ஊகித்தார். 1912ஆம் ஆண்டில் ஃபிரெடெரிக் லூவி இந்நோயுற்ற மூளையின் உயிரணுக்களுக்குள் உருண்டைகளைக் கண்டார். 1919ஆம் ஆண்டில் கான்ஸ்தான்தின் திரெத்தியாக்கோஃப் தம் ஆய்வேட்டில், கரும்பொருளின் உயிரணுக்கள் அழிந்து கருமை மங்கியிருப்பதை நிறுவினார். பார்க்கின்சன் எதிர்பார்த்த உடற்கூற்று விடை வந்துசேர நூற்றிரண்டு ஆண்டுகள் ஆயின.

இடம் தெரிந்தும் மருந்து தெரியவில்லை. அந்த இடத்தில் என்ன குறைகிறது என்று எவர்க்கும் தெரியாததே காரணம். அக்குறையைக் கண்டுபிடித்த கதையில் நம் நாட்டுச் செடிகள் இரண்டு இடம்பெறுகின்றன.

பூனைக்காலியும் சர்ப்பகந்தியும்

பூனைக்காலிக் கொடியை நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர் அறிவர். அதன் காயின்மேல் உள்ள சுணை பட்டால் உடல் முழுதும் அரிக்கும். அதன் விதை நம் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. சித்த மருத்துவத்தில் நடுக்குவாதம் என்றும், ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்றும் நடுக்க நோய்க்குப் பெயர்கள் உள்ளன.

1937ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எம். தாமோதரன், ஆர். இராமசாமி ஆகிய இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அச்செய்தியை இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளியிட்டனர். அப்பொருளின் பெயர் எல்-டோபா. இன்று உலகெங்கும் பார்க்கின்சன் நோய்க்குத் தலையாய மருந்தாக விளங்குவது அதுவே.

இச்செய்தியைக் கேட்டவுடன் நம் நெஞ்சு விம்முவது இயல்பு. ஆயினும் இங்கே நிதானம் வேண்டும். எல்-டோபாவை 1913ஆம் ஆண்டிலேயே பேசல் நகரில் மார்க்கஸ் குகன்ஹைம் ஐரோப்பிய அவரை வகையொன்றிலிருந்து பிரித்தெடுத்திருந்தார். இரண்டரை கிராம் அளவைத் தாமே விழுங்கிப் பார்த்தார். கடும் வாந்தி வந்தது. உடலில் அதற்குக் குறிப்பிடத்தக்க வினை இல்லை என்று முடிவுசெய்தார். சென்னை ஆய்வாளர்களும் அதனை விதையின் வேதியியல் உட்கூறாகவே பிரித்தெடுத்தனர். நடுக்க நோய்க்கு மருந்து தேடிச் செய்த ஆய்வன்று அது. மருந்து கையில் இருந்தது. நோய்க்குப் பெயரும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் அறிவு 1937இல் சென்னையிலும் இல்லை, பேசலிலும் இல்லை, உலகில் எங்குமே இல்லை. ‘எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே’ என்று கூறி முடித்துக்கொள்வதும், ‘நம்மிடம் ஒன்றுமே இல்லை’ என்று கைவிரிப்பதும் இவ்வரலாற்றுக்குப் பொருந்தா.

இரண்டாவது செடி சர்ப்பகந்தி. வட இந்தியாவில் பித்து நோய்க்கும் உறக்கமின்மைக்கும் அதன் வேர் வழங்கிவந்தது. 1949ஆம் ஆண்டில் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், குருதிக் கொதிப்பைத் தணிக்கும் அதன் ஆற்றலைப் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் எழுதி உலகின் கவனத்தை ஈர்த்தார். 1952ஆம் ஆண்டில் பேசல் நகரத்துச் சீபா நிறுவன ஆய்வாளர்கள் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். மனநோயாளிகளுக்கு அது மிகுதியாகக் கொடுக்கப்பட்டபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அவர்களுட் சிலர் நடுங்கினர்; உடல் இறுகினர்; பார்க்கின்சன் நோயாளியைப் போலவே ஆயினர். மருந்தை நிறுத்தியதும் தெளிந்தனர்.

இதனைப் பற்றிக்கொண்டு மேலே சென்றவர் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன். 1957ஆம் ஆண்டில் அவர் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் எல்-டோபாவைச் செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை விழித்தெழுந்து நடமாடின. எல்-டோபா மூளைக்குள் சென்று டோபமின் என்னும் பொருளாக மாறுகிறது; அந்த டோபமின் தீர்ந்ததால் முயல்கள் முடங்கின; அது மீண்டதால் எழுந்தன. சர்ப்பகந்தி பூட்டியதைப் பூனைக்காலியிலும் உள்ள பொருள் திறந்தது எனலாம். இந்தக் கண்டுபிடிப்புக்காகக் கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

எழுந்து நடந்தவர்கள்

முயலில் கண்டது மனிதரிடத்தும் உண்மைதானா? வியன்னா நகரில் ஓலே ஹார்னிகீவிச், எர்ரிங்கர் என்னும் தம் உதவியாளருடன் சேர்ந்து, இறந்தோரின் மூளைகளைச் சோதித்தார். டோபமின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் வேதிச் சோதனை அது. நலமாக வாழ்ந்து இறந்தோரின் மூளைச் சாற்றில் நிறம் தோன்றியது. பார்க்கின்சன் நோயாளிகளின் சாற்றிலோ நிறமே இல்லை என்னும் அளவுக்கு வெளிறிக் கிடந்தது. கருவியில் அளப்பதற்கு முன்பே வெறுங்கண்ணால் வேறுபாட்டைக் கண்டுகொண்டதாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இம்முடிவு 1960ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அடுத்த ஆண்டு ஜூலைத் திங்களில், வியன்னாவின் லைன்ஸ் முதியோர் இல்லத்தில் வால்ட்டர் பிர்க்மாயர் நோயாளிகள் சிலருக்கு எல்-டோபாவை ஊசிவழிச் செலுத்தினார். படுத்த படுக்கையிலிருந்து எழ இயலாதிருந்தோர் எழுந்து உட்கார்ந்தனர். உட்கார்ந்த இடத்தை விட்டு எழ இயலாதிருந்தோர் எழுந்து நின்றனர். நின்ற இடத்திலேயே உறைந்திருந்தோர் நடந்தனர். சில மணி நேரத்தில் மீண்டும் பழைய நிலை. இதனை நம்ப மறுத்தோர் பலர். 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜார்ஜ் கோட்சியாஸ், மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டி வாய்வழிக் கொடுத்தால் நோயாளி தாங்கிக்கொள்வார் என்றும், பயன் நீடிக்கும் என்றும் காட்டினார். குகன்ஹைமை வாட்டிய வாந்தியைக் கடக்கும் வழி அதுவே. 1970ஆம் ஆண்டில் அம்மருந்து அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது.

இதே காலத்தில் நியூயார்க்கில் ஆலிவர் சாக்ஸ் என்னும் மருத்துவர், முதல் உலகப்போர்க் காலத்தில் தொடங்கி உலகெங்கும் பரவிய உறக்கக் காய்ச்சலால் நாற்பதாண்டுகளாகச் சிலைபோல் உறைந்திருந்தவர்களுக்கு எல்-டோபா கொடுத்தார். அவர்கள் விழித்தனர், பேசினர், பாடினர். பின்னர்ப் பலர்க்கு அந்த விழிப்பே கட்டுக்கடங்காத துன்பமாக மாறியது. அதனை அவர் 1973ஆம் ஆண்டில் ‘அவேக்கனிங்ஸ்’ என்னும் நூலாக எழுதினார். 1990ஆம் ஆண்டில் அது திரைப்படமாகவும் வந்தது. பார்க்கின்சனைப் போலவே நோயாளியை எண்ணாகக் கருதாமல், பெயரும் வாழ்வும் உடைய மனிதராகக் கண்டு எழுதியமையே அந்நூலின் சிறப்பு.

எல்-டோபா நோயைத் தீர்க்கும் மருந்தன்று. குறைந்ததை ஈடுசெய்யும் மருந்து. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பயன் நீடிக்கும் நேரம் குறைகிறது. தன்னிச்சையான உடல் நெளிவுகள் தோன்றுகின்றன. 1987ஆம் ஆண்டில் பிரான்சின் கிரனோபிள் நகரில் அலிம் லூயி பெனபீத், மூளையின் உட்பகுதியில் மின்முனை பதித்து இடைவிடாது தூண்டி நடுக்கத்தை அடக்கும் முறையைத் தொடங்கினார். 1997ஆம் ஆண்டில், லூவி கண்ட உருண்டைகள் ஆல்ஃபா சைனுக்ளின் என்னும் புரதத்தால் ஆனவை என்பது தெரியவந்தது. அப்புரதம் ஏன் திரள்கிறது, அதனை எவ்வாறு தடுப்பது என்பதே இன்றைய ஆய்வின் நடுவினா. 2004ஆம் ஆண்டில் இலண்டனில் எட்டு நோயாளிகளிடம் பூனைக்காலி விதைப்பொடியைச் சோதித்தபோது அது வழக்கமான மாத்திரையைவிட விரைந்து வேலைசெய்தது. ஆயினும் விதைக்கு விதை மருந்தின் அளவு மாறும். மருத்துவரைக் கேளாமல் பொடியை நாடுவது தீங்காகவும் முடியும் என்பதை இங்கே கூறாமல் விடுதல் முறையன்று.

எழுதுவோர்க்கு ஒரு சொல்

இந்நோய் வந்தவரின் கையெழுத்து வரிதோறும் சிறுத்துக்கொண்டே போகும். தொடக்கத்தில் பெரிதாக எழுந்த எழுத்து, வரியின் முடிவில் எறும்பளவாகும். முகத்தில் உணர்ச்சி தோன்றாது. சிரிப்பை உள்ளத்தில் உணர்ந்தாலும் உதடு அசையாது. குரல் தணிந்துபோகும். காண்போர், ‘இவருக்கு ஒன்றும் புரியவில்லை, எதிலும் விருப்பம் இல்லை’ என்று முடிவுகட்டிவிடுவர். வீட்டில் பேச்சு அவரைச் சுற்றி நடக்கும், அவரோடு நடவாது. முகமூடி போன்ற அந்த முகத்தின் பின்னே, பெரும்பாலோரிடத்தில், நெடுங்காலம்வரை தெளிந்த அறிவு விழித்திருக்கிறது. அறிவு கெடுவதில்லை என்று பார்க்கின்சன் எழுதியது முழுமையான உண்மை அன்றெனினும், அந்த மனிதரை விட்டு விலகாதீர் என்னும் அறிவுரையாக அதனை நாம் கொள்ளலாம். நம் குடும்பங்களிலும், நம் வட்டத்திலும் மூத்தோர் பெருகிவரும் இந்நாளில் இது வெறும் வரலாற்றுச் செய்தி அன்று. கை நடுங்குகிறது என்பதற்காக ஒரு கவிஞரிடம் கவிதை கேட்பதை நாம் நிறுத்திவிடலாகாது. அவர் சொல்ல, ஒருவர் அருகிருந்து எழுதலாம். வரவேண்டிய சொல்லுக்காகச் சற்று நேரம் காத்திருக்கலாம்.

பார்க்கின்சனின் உருவப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒளிப்படக்கலை வழக்கத்திற்கு வருமுன்பே அவர் மறைந்துவிட்டார். அவர் பெயரால் வெளியிடப்படும் ஒளிப்படங்கள் யாவும் அதே பெயருடைய வேறு மனிதர்களுடையவை. அவர் முகத்தை நாம் அறியோம். ஆனால், ஏவலாளின் தோள்பிடி தளர்ந்ததும் ஓடத் தொடங்கிய, பெயர் தெரியாத அந்த மனிதரை நாம் அறிவோம். அவருடைய அசைவு, தயக்கம், அவர் ஓடிய தொலைவு ஆகிய யாவற்றையும் அறிவோம். அவரை நமக்குக் காட்டியவர் நோயின் காரணத்தை அறியாதவர். சரியான மருந்தும் தெரியாதவர். கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதினார். கருத்தைக் கருத்தென்று ஒதுக்கி வைத்தார். பின்வந்தோர் அந்த எழுத்தின்மேல் நின்றுகொண்டே தேடினர்.

பத்தாண்டுகள் கூடிப் பேசி எழுதி வந்த நாம், அடுத்த பத்தாண்டுக்குள் காலடி வைக்கிறோம். நம் கருத்துகளுள் எவை நிற்கும், எவை உதிரும் என்பதைக் காலமே அறியும். நம் தெருவில் நாம் கண்ட மனிதர்களையேனும் உள்ளது உள்ளபடி எழுதிவைப்போமாக.